செருப்பு நழுவியது தெரிந்தா, தெரியாமலா?

வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் டாக்டர் அம்மாவின் பதில்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு இயக்க நரம்பணு நோய் (மோட்டார் நியூரான் நோய்) பற்றிய ஒரு கேள்விக்கு நான்கே வரியில் பதில் சொல்லியிருந்தேன். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக இறந்துபோவதால் கை, கால், நாக்கு, மூச்சு என்று தசைகள் தளர்ந்து மெலியும் நோய். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நரம்பியல் நிபுணரைப் பாருங்கள் என்று. அன்றைக்கு ஆசிரியர் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். ‘இவ்வளவுதானா சொல்ல இருக்கிறது?’ என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழில் பகுதி முழுவதும் அந்த ஒரு நோய்க்கே. சர்க்கரை நோய்க்காரர்களின் கால் எரிச்சல் அடுத்த மாதம்.

*என் கணவருக்கு வயது 54. பஸ் நடத்துநர். எட்டு மாதங்களாக வலது கட்டைவிரலில் பிடிமானம் இல்லை. டிக்கெட் கிழிக்க முடியவில்லை, சில்லறை நழுவுகிறது. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை வற்றிவிட்டது. வலியும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. ஒரு டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம், ஆபரேஷன் வேண்டும் என்கிறார். இன்னொருவர் மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம் என்கிறார். யாரை நம்புவது?*
– பெயர் வேண்டாம், தேனி

அம்மா, ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

ஐம்பதைத் தாண்டிய யாருடைய கழுத்தை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒரு தேய்மானம் தெரியும். என் கழுத்திலும் தெரியும். படத்தில் தெரிகிற தேய்மானம்தான் கட்டைவிரலைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டுமானால், எந்தத் தசை மெலிந்தது, எந்த நரம்பு வேர் அழுந்தியது என்ற கணக்கு ஒத்துவர வேண்டும். கழுத்தில் வேர் அழுந்தினால் பெரும்பாலும் வலியோ மரமரப்போ கூடவே வரும். உங்கள் கணவருக்கு இரண்டும் இல்லை என்கிறீர்கள். கடிதத்தில் நான் கோடு போட்டு வைத்த வரி அதுதான்.

நரம்புப் பாதையை மின்சார லைன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் மேற்பகுதியில் புறப்படும் முதல் நரம்பணு, துணை மின்நிலையத்திலிருந்து வரும் பெரிய லைன். மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் நிற்கும் இரண்டாவது நரம்பணு, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் லைன். கீழே உள்ளது அறுந்தால் தசை தளரும், மெலியும், தோலுக்கடியில் புழு நெளிவது போலத் துடிக்கும். மேலே உள்ளது கெட்டால் தசை விறைக்கும். சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளிக் குதிக்கும். இந்த இரண்டும் ஒரே கையில் சேர்ந்து, அதாவது மெலிந்துபோன கையிலேயே துள்ளலும் கூடியிருந்தால், எங்களுக்குச் சந்தேகம் வலுக்கும். 1869-ல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற மருத்துவர், இறந்த நோயாளிகளின் தண்டுவடத்தையும் அவர்கள் உயிரோடு இருந்தபோது எடுத்த குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை நிறுவினார். ஏ.எல்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வது இரண்டு லைனும் சேர்ந்து கெடுகிற வகையை. இந்த நோய்க்குடும்பத்தில் அதுதான் அதிகம்.

கையிலேயே இன்னொரு தடயம் உண்டு. ஏ.எல்.எஸ். பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத்துச் சதையையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையையும் முதலில் தின்னும். சுண்டுவிரல் பக்கத்து மேடு நன்றாகவே இருக்கும். உங்கள் கணவரின் இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். முடிவை நீங்களே எடுத்துவிட வேண்டாம்.

காலில் ஆரம்பிப்பவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியைத்தான் இந்தப் பகுதிக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடக்கிற நாட்டில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. செருப்பு நழுவியது தெரியாமலேயே பத்தடி நடந்துபோய், யாரோ சொல்லித் திரும்பிப் பார்த்தால், கெட்டது உணர்ச்சி நரம்பு. பெரும்பாலும் சர்க்கரை நோய். ‘நழுவுவது தெரிகிறது டாக்டர், பிடித்துக்கொள்ளத்தான் விரலுக்குத் தெம்பில்லை’ என்றால் கெட்டது இயக்க நரம்பு. இயக்க நரம்பணு நோயில் தொடு உணர்ச்சி போகாது. கண் அசைவு போகாது. சிறுநீர், மலம் பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இருக்கும். நான்கில் ஒருவருக்கு நோய் கை காலில் இல்லாமல் நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கும். முதலில் பேச்சு குழறும், பிறகு தண்ணீர் புரையேறும்.

இனி செய்ய வேண்டியது. இ.எம்.ஜி. என்னும் ஊசிப் பரிசோதனையையும் நரம்பு வேகப் பரிசோதனையையும் நரம்பியல் நிபுணர் ஒருவரிடம் செய்யுங்கள். மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி அதன் மின்துடிப்பைக் கேட்பது அது. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நோய் எட்டாதது போலத் தெரிகிற கால், முதுகு, நாக்கு ஆகியவற்றிலும் ஊசி போட வேண்டும். அங்கேயும் கோளாறு இருந்தால் கழுத்து ஸ்கேனை மட்டும் வைத்து விளக்க முடியாது. தைராய்டு, பி12, தசை நொதி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். இவ்வளவும் எதற்கு என்றால், இந்த நோயைப் போலவே வேடம் போடும் சில நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. பல இடங்களில் இயக்க நரம்பு மட்டும் அடைபடும் ஒரு நோய் கையை இப்படியே மெலிய வைக்கும். அதற்கு இம்யூனோகுளோபுலின் என்னும் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் கை மீளும். அதைத் தவறவிடுவதுதான் பெரிய குற்றம்.

முதல் அறிகுறிக்கும் பெயர் சொல்லப்படுவதற்கும் நடுவில் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிடுகிறது. நடுவில் ஒரு முதுகெலும்பு ஆபரேஷனும் முடிந்திருக்கும். உங்கள் இரண்டாவது டாக்டர் சந்தேகத்தை எட்டாம் மாதத்திலேயே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவரிடம் போங்கள்.

*வயது 26. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மூன்று வாரங்களாக இடது கண்ணிமையும் கெண்டைக்காலும் துடிக்கின்றன. இணையத்தில் தேடினால் எல்லாம் ஏ.எல்.எஸ். என்கிறது. தூக்கம் போய்விட்டது.*
– சென்னை

தம்பி, படியேற முடிகிறதா? குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடிகிறதா? சட்டைப் பித்தான் போட முடிகிறதா? முடிகிறதென்றால் தூங்கலாம். தளர்ச்சியும் மெலிவும் இல்லாத வெறும் துடிப்பு, ராத்திரி வேலையும் காபியும் கவலையும் சேர்ந்து செய்வது. அதிலும் கண்ணிமைத் துடிப்பு இந்த நோயின் அடையாளமே அல்ல. உங்கள் பாட்டி காலத்தில் இடது கண் துடித்தால் ஆணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இணையத் தேடலைவிட அது எவ்வளவோ மேல். மூன்று மாதத்துக்குப் பிறகும் மனம் அடங்கவில்லையென்றால் ஒரே ஒரு டாக்டரிடம் ஒரே ஒரு முறை காட்டுங்கள்.

*என் மகனுக்கு வயது 19. ஒன்றரை வருடமாக வலது முன்கையும் விரல்களும் மெலிந்து வருகின்றன. விரல் நடுங்குகிறது. மார்கழிக் குளிரில் பேனா பிடிக்கவே முடியவில்லை. தெரிந்த ஒருவர் ‘இது விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த வியாதி’ என்று சொல்லிவிட்டார். வீட்டில் அழுகைதான்.*
– ஒரு தந்தை, விழுப்புரம்

ஐயா, அந்தத் தெரிந்தவரை இனிமேல் வீட்டுக்குள் விடாதீர்கள்.

பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள், பெரும்பாலும் ஆண் பிள்ளைக்கு, ஒரு கை மட்டும், வலியில்லாமல், குளிரில் அதிகமாகத் தளர்ந்தால் என் மனத்தில் முதலில் வருவது ஹிராயமா நோய். 1959-ல் ஜப்பானில் ஹிராயமா என்ற மருத்துவர் விவரித்தது. நம் நாட்டில் 1984-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டாக்டர் கௌரிதேவியின் குழு இதை ஒற்றை அவயவ மெலிவு என்ற பெயரில் விவரமாக எழுதியது. இந்தியாவில் இது அபூர்வம் இல்லை. தலையைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்பக்கமாக நகர்ந்து, கழுத்தின் கீழ்ப்பகுதித் தண்டுவடத்தை எலும்போடு வைத்து அழுத்துகிறது. வருடக்கணக்கில் அழுந்தி அழுந்தி அங்கே உள்ள இயக்க நரம்பணுக்கள் வாடிப்போகின்றன. அதனால் சாதாரண எம்.ஆர்.ஐ. போதாது, கழுத்தைக் குனிய வைத்து எடுக்க வேண்டும். சீட்டில் எழுதிக் கேளுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்தி வைத்து எடுத்து ‘நார்மல்’ என்று கையில் கொடுத்துவிடுவார்கள்.

இந்த நோய் சில ஆண்டுகள், பெரும்பாலும் ஐந்துக்குள், முன்னேறிவிட்டுத் தானாக நின்றுவிடும். மூச்சுக்கு வராது, நாக்குக்கு வராது, உயிருக்கு ஆபத்தில்லை. முன்னேறும் காலத்தில் கழுத்துப்பட்டை போட்டுக் குனிவதைத் தடுத்தால் சேதம் குறையும். தரையில் புத்தகத்தை விரித்துக் குனிந்து படிப்பதும், மடியில் செல்போனை வைத்துப் பார்ப்பதும் நிற்க வேண்டும். போன சதை முழுவதும் திரும்பாது. ஆனால் பையன் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இளவயதில் வருவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும், இங்கே இளவயதினருக்கு வரும் இயக்க நரம்பணு நோய் மேல்நாட்டுப் புத்தகத்தில் உள்ளது போல் இல்லையே என்று கவனித்து எழுதினார்கள். முப்பது வயதுக்கு முன்பே தொடங்குவது, கை கால் மெலிவோடு முகத்தசையும் தளர்வது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காது கேளாமை, அதோடு மிக மெதுவான போக்கு. பெரும்பாலான நோயாளிகள் தென்னிந்தியர்கள். இன்று உலக நரம்பியல் நூல்களில் அது ‘மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்’ என்றே இருக்கிறது. ஊர் பெயர் மாறிய பிறகும் நோயின் பெயரை யாரும் மாற்றவில்லை. பல பத்தாண்டுகள் வாழ்கிறவர்கள் அதில் உண்டு. ‘இந்த நோய் என்றாலே மூன்று வருடம்’ என்று ஒரே வாக்கியத்தில் பயமுறுத்துகிறவர்கள் இந்தக் குடும்பத்தில் எத்தனை கிளை இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உங்கள் மகனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

*அப்பாவுக்கு 63. பேச்சு குழறுகிறது. குடித்துவிட்டுப் பேசுகிறார் என்று தெருவில் கேலி செய்கிறார்கள், வாழ்நாளில் தொட்டதில்லை. இப்போது புதிதாக, துக்க வீட்டில் சிரிக்கிறார், சாதாரண விளம்பரத்தைப் பார்த்துத் தேம்பி அழுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?*
– மகள், கோயம்புத்தூர்

இல்லை அம்மா. சிரிப்பையும் அழுகையையும் கட்டிப்போடும் மேல்நிலை நரம்புப் பாதை தளர்ந்திருக்கிறது. உள்ளே துக்கம் இருக்கிறது, முகம் சிரிக்கிறது. அவருக்கே அது தெரியும், அதில்தான் அவமானம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய, மலிவான மாத்திரை சிறிய அளவில் இதைக் கட்டுப்படுத்தும். வாயில் எச்சில் ஒழுகுவதும் அதிலேயே குறையும். இதயத் துடிப்புக் கோளாறோ, சிறுநீர் அடைப்போ இருந்தால் அது ஒத்துவராது என்பதால் நீங்களாக வாங்காதீர்கள். சிரிப்பு வரும்போது ‘சும்மா இருங்கள்’ என்று அதட்டாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள், நின்றுவிடும்.

குணமே மாறுகிறதா என்றும் கவனியுங்கள். காரணமில்லாத பிடிவாதம், கண்டபடி செலவு, யார் மேலும் அக்கறையின்மை போன்றவை. இந்த நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் மறதி நோயும் சேர்ந்து வரும். அப்படியென்றால் வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம் ஆகியவற்றை இப்போதே பேசி ஒழுங்கு செய்துவிட வேண்டும்.

பேச்சு முழுவதும் போவதற்கு முன் இரண்டு வேலைகள். ஒன்று, அவர் குரலில் அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். ‘தலையணையை உயர்த்து’, ‘மின்விசிறியைக் குறை’, பேரனைக் கூப்பிடும் செல்லப்பெயர், எல்லாம். இரண்டு, எழுத்துப் பலகை. 247 எழுத்தையும் எழுதிவிட்டு, கண்டுபிடிக்க முடியாமல் தூக்கி எறிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, அவ்வளவு போதும். ‘க்’ காட்டி ‘ஆ’ காட்டினால் ‘கா’. மெய்யை மூன்று வரிசையாக எழுதுங்கள், உயிரை இரண்டு வரிசையாக. நீங்கள் வரிசையின் மேல் விரலை நகர்த்துங்கள், அவர் கண் சிமிட்டும்போது நிறுத்துங்கள். கூடவே ‘ஆம்’, ‘இல்லை’, ‘வலிக்கிறது’, ‘அரிக்கிறது’ என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் உணர்ச்சி போகாது என்றேன் அல்லவா? கொசு கடிப்பது முழுவதும் தெரியும். அடிக்கத்தான் கை வராது. பகலிலும் கொசுவலை கட்டுங்கள்.

*அம்மாவுக்குச் சாப்பிடும்போதெல்லாம் புரையேறுகிறது. ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துவிட்டார். வயிற்றில் குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர். ‘குழாய் வைத்தால் அதோடு முடிந்தது’ என்கிறார்கள் உறவினர்கள்.*
– தஞ்சாவூர்

குழாய் வைத்ததும் முடிந்துபோனதாக அவர்கள் பார்த்தவர்கள் எல்லாம் மிகத் தாமதமாக வைத்துக்கொண்டவர்கள். எலும்பும் தோலுமாக ஆன பிறகு, மூச்சும் பாதியாகக் குறைந்த பிறகு, மயக்கம் கொடுத்துக் குழாய் வைத்தால் ஆபத்துதான். மூச்சின் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும் என்பது கணக்கு. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பேச்சைத் தொடங்க வேண்டும். உங்கள் அம்மா அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். இந்த வாரமே மூச்சளவுப் பரிசோதனை செய்துகொண்டு முடிவெடுங்கள்.

பெக் என்று சொல்லும் அந்தக் குழாய், எண்டோஸ்கோப் உதவியோடு வயிற்றுத் தோல் வழியாக நேரே இரைப்பைக்குள் போவது. புடவைக்குள் மறைந்துவிடும். மூக்கில் தொங்கும் குழாயைப் போல உறுத்தாது. அது இருக்கும்போதே வாயாலும் ருசிக்கு ஒரு வாய் சாப்பிடலாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போராடிக் களைத்துப்போகிறவர்களுக்கு, வயிறு நிறைவதைக் குழாய் பார்த்துக்கொள்ள, பாயசத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

அதுவரை செய்ய வேண்டியவை. புரையேறியதும் தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறார்கள், மேலே பார்’ என்று அண்ணாந்து பார்க்கச் சொல்கிறோமே, அதை இன்றோடு நிறுத்துங்கள். அண்ணாந்தால் மூச்சுக்குழாய் வாய் திறந்துகொண்டு நிற்கும். மோவாயை நெஞ்சைத் தொடுவது போலத் தாழ்த்தி விழுங்க வேண்டும். அண்ணாந்து தூக்கிக் குடிப்பதும் கூடாது. டம்ளரில் வாய் வைத்துத்தான். எச்சில் என்று யாராவது முகம் சுளித்தால் அவருக்கு என் பெயரைச் சொல்லுங்கள். புரையேறும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது தண்ணீர்தான். அடுத்தது ரசம், மோர். கெட்டியான கேழ்வரகுக் கூழ், குழைந்த பருப்புச் சாதத்தில் தாராளமாக நெய், தயிரில் மசித்த வாழைப்பழம் எல்லாம் சரி. தண்ணீராக உள்ளதையும் கெட்டிப்படுத்தும் மாவு கலந்து கொடுக்கலாம். பொரி, அவல், உதிரிச் சோறு வேண்டாம். கொழுப்பு ஆகாது, சர்க்கரை ஆகாது என்று பத்தியம் போடாதீர்கள். இந்த நோயில் இளைப்பவர்கள்தான் சீக்கிரம் போகிறார்கள்.

*அப்பா ராத்திரி மல்லாந்து படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்குகிறார். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் இயந்திரம் வீட்டில் இருக்கிறது, அதை வைக்கலாமா?*
– சேலம்

வைக்காதீர்கள். இந்தப் பக்கங்களில் ஒரே ஒரு வரியைக் கிழித்து வைத்துக்கொள்வதானால் இதை வையுங்கள்.

அவர் நுரையீரல் நன்றாக இருக்கிறது. காற்றை இழுத்து விடும் உதரவிதானம்தான் சோர்ந்துவிட்டது. அதனால் கரியமிலவாயு வெளியேறாமல் தேங்குகிறது. காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் அதன் அடையாளங்கள். ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் விரல் நுனிக் கருவியில் எண் அழகாக ஏறும், மூச்சு இன்னும் மந்தமாகும், கரியமிலவாயு மேலும் ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். தூக்க மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்.

அவருக்குத் தேவை பைபேப். முகமூடி வழியாக, இழுக்கும்போது அதிக அழுத்தத்திலும் விடும்போது குறைந்த அழுத்தத்திலும் காற்றைத் தள்ளும் சிறிய பெட்டி. முதல் வாரம் எல்லோரும் முகமூடியைப் பிடுங்கி எறிவார்கள். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்கி, பிறகு இரவுக்குக் கொண்டுபோக வேண்டும். 2006-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், தொண்டைத் தசை ஓரளவு நன்றாக இருந்த நோயாளிகளுக்கு இந்தப் பெட்டி ஏறத்தாழ ஏழு மாதம் ஆயுள் கூட்டியது. எந்த மாத்திரையும் அவ்வளவு கூட்டியதில்லை. வாடகைக்குக் கிடைக்கிறது. வாங்குவதானால் இன்வெர்ட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மின்தடைக்கு நள்ளிரவு என்றோ விடியற்காலை என்றோ கிடையாது.

இன்னொன்றும் கேட்டுவிடுங்கள், அப்பா தெளிவாக இருக்கும்போதே. பைபேப் போதாத நாள் வந்தால் தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் இருக்க விரும்புகிறாரா, வேண்டாமா? இரண்டுமே சரியான பதில்தான். யாரும் கேட்காமல் விடுவதுதான் தவறு. கேட்காத குடும்பங்களில் அந்த முடிவை நள்ளிரவில், அவசரப் பிரிவு வாசலில், அரை மயக்கத்தில் இருப்பவரின் தலைக்கு மேல் நின்று மருமகன்கள் எடுக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை அங்கீகரித்தது; 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கினால் போதும்.

*வெளிமாநிலத்தில் ஸ்டெம் செல் சிகிச்சை என்று பல லட்சம் கேட்கிறார்கள். வீட்டை அடகு வைக்கலாமா? மருந்தே இல்லையென்றால் ஸ்டீபன் ஹாக்கிங் எப்படி அவ்வளவு காலம் இருந்தார்?*
– திருப்பூர்

வீட்டுப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவதைத் தவிர, வேறு எதற்கும் காசு வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் போடக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. முறையான ஆய்வில் சேரும் நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை.

இருக்கிற மருந்துகளைச் சொல்கிறேன். ரிலூசோல், 1995-லிருந்து இருக்கிறது. 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வெறும் வயிற்றில். நோயை நிறுத்தாது, சில மாதங்கள் தள்ளிப்போடும். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் மாதாமாதம் வேண்டும். ஊர் வைத்தியர் கொடுக்கும் பெயர் தெரியாத சூரணத்தைக் கூடவே சாப்பிட்டால் கல்லீரலைக் கெடுத்தது எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விறைப்புக்கும் மூட்டு இறுகாமல் இருப்பதற்கும் நல்லதே. எடராவோன் ஊசியை ஜப்பான் 2015-லும் அமெரிக்கா 2017-லும் அனுமதித்தன; அதன் வாய்வழி மருந்தை வைத்துப் பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. 2022-ல் அமெரிக்காவில் பெரிய ஆரவாரத்தோடு வந்த ஒரு மருந்து, அடுத்த பெரிய ஆய்வில் தோற்று, 2024-ல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும், முதுகுத்தண்டு நீரில் செலுத்தும் டொஃபெர்சன் 2023-ல் வந்தது. எனக்கு உண்மையில் நம்பிக்கை தருவது அதுதான். ஆனால் நூறு பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்தக் கோளாறு.

ஹாக்கிங்கைப் பொறுத்தவரை, 1963-ல் 21 வயதில் கண்டறியப்பட்டு 2018-ல் 76 வயதில் மறைந்தார். இளவயதில் தொடங்குவது பொதுவாக மெதுவாகப் போகும். அவருடையது அதிலும் விதிவிலக்கு. தொண்டைத் துளையும் முழுநேரச் செவிலியர்களும் அவருக்கு இருந்தன. அதே நோய் வந்த அமெரிக்கப் பேஸ்பால் வீரர் லூ கெரிக் 1939-ல் கண்டறியப்பட்டு 1941-ல் இறந்தார். பெரும்பாலோர் இந்த இருவருக்கும் நடுவில், ஆனால் கெரிக் பக்கமாக. பத்தில் ஒருவர் பத்தாண்டைத் தாண்டுகிறார்.

*தாய்மாமாவுக்கு இருந்தது. எனக்கும் வருமா?*
– நாகர்கோவில்

அநேகமாக வராது. பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. மாமா தவிர இன்னொருவருக்கும் இந்த நோயோ, இளவயது மறதி நோயோ இருந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

*கணவருக்கு நோயின் பெயரைச் சொல்லாதே என்கிறார்கள் மாமனார் வீட்டில். எல்லாவற்றையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன். இரவில் பத்து முறை எழுப்புகிறார்.*
– மதுரை

அவருக்குத் தெரியும் அம்மா. கட்டிலைச் சுற்றி எல்லோரும் ‘வாயுப்பிடிப்பு’ என்று நாடகம் ஆடினால், குழாய் பற்றியும் மூச்சுப் பெட்டி பற்றியும் யாரோடு பேசுவார்? டாக்டரை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்பதற்கு மட்டும் பொய் இல்லாமல் பதில்.

பத்து முறை எழுப்புவதற்குக் காரணம் இருக்கும். புரண்டு படுக்க முடியவில்லை, கால் குரக்களி இழுக்கிறது, அல்லது மூச்சு. மூன்றுக்கும் மருந்தோ கருவியோ உண்டு. மூன்றாவதுதான் என்றால் சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மாமனார் வீட்டில் அறிவுரை சொல்பவர்கள் வாரத்தில் இரண்டு இரவு வந்து படுக்கட்டும். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் சான்றிதழ் கிடைக்கும். சக்கர நாற்காலி, பராமரிப்பு உதவித்தொகை இரண்டுக்கும் அதுதான் வாசல். நோய் முன்னேறும்போது சதவீதத்தைத் திருத்தி வாங்க வேண்டும். ஆரம்பத்தில் 40 என்று எழுதியதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் நோய் ஆதரவுச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

*அண்ணனுக்கு இந்த நோய் வந்து இரண்டு வருடம். சக்கர நாற்காலி, இரவில் பைபேப். ஆவணியில் திருச்சியில் அவருடைய மகள் கல்யாணம். காரில் அவ்வளவு தூரம் அழைத்துப்போகலாமா? வீட்டிலிருந்தே வீடியோவில் காட்டிவிடலாம் என்கிறார்கள்.*
– ஒரு தம்பி, திருநெல்வேலி

பெண்ணைப் பெற்றவர் வீடியோவில் பார்ப்பதா? அழைத்துப்போங்கள்.

முந்தைய நாளே புறப்பட்டு, மதுரையில் இரண்டு மணி நேரம் படுக்க வைத்து, மூச்சுப் பெட்டியைப் போட்டுவிட்டு, பிறகு தொடருங்கள். காரில் அந்தப் பெட்டியை ஓட்டும் வயர் இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே சோதித்துப் பாருங்கள். சளி உறிஞ்சும் கருவி பின் டிக்கியில் வேண்டாம்; உங்கள் மடியில் இருக்கட்டும். மண்டபத்தில் மணமேடைக்குச் சாய்வுப் பலகை உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் நாற்காலியோடு தூக்க நான்கு பேரை இப்போதே பேசி வையுங்கள். தாரை வார்க்கும்போது அவர் கைக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்துத் தாங்குங்கள். பந்தியில் உட்கார வைக்காதீர்கள். கூட்டத்தில் பேசிக்கொண்டே சாப்பிட்டால் புரையேறும். தனி அறையில் முதலிலேயே ஊட்டிவிடுங்கள். ஓமப் புகை படாத பக்கமாக நாற்காலியைப் போடச் சொல்லுங்கள். வருகிற உறவினர்கள் எல்லோரும் அவரை விட்டுவிட்டு உங்களிடமே ‘எப்படி இருக்கிறார்?’ என்று கேட்பார்கள். எழுத்துப் பலகையைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். எடுத்துக் கையில் கொடுத்து, அவரையே கேட்கச் சொல்லுங்கள்.